யாருடைய கடலில் நங்கூரம்?
ஃபிஜியின் லாவு தீவுக்கிராமங்களும் பாய்மரப் படகுப் பயணிகளும்

1. ஆய்வின் எல்லை

தமிழருக்கு ஃபிஜி என்றதும் நினைவுக்கு வருவது கரும்புத் தோட்டம். பாரதி பாடியதும் அதைத்தான். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். 1926இல் அவர்களுடைய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தோன்றியது பெருந்தீவான விட்டி லெவுவின் நாந்தி ஊரில். இக்கட்டுரை பேச வருவது அந்த ஃபிஜியைப் பற்றி அன்று. நாட்டின் கிழக்கு ஓரத்தில், டோங்காவை நோக்கி வடக்கு தெற்காகச் சிதறிக் கிடக்கும் லாவு தீவுக்கூட்டமே இதன் களம். ஏறத்தாழ 60 தீவுகளில் பாதியளவில்தான் குடியிருப்பு உண்டு. மாகாணத்தின் மக்கள்தொகை 2007 கணக்கெடுப்பில் 10,000த்தைச் சற்றே தாண்டியிருந்தது. 2017இல் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. பெருந்தீவைப் போல இது கரும்புத் தோட்டங்களின் மண்ணாக ஆகவில்லை.

வெளியாட்கள் இத்தீவுகளுக்கு வருவது இன்று பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, தலைநகர் சுவாவிலிருந்து எப்போதாவது வரும் சரக்குக் கப்பல். சில தீவுகளுக்கு மட்டும் சிறு விமானமும் உண்டு. மற்றொன்று, பசிபிக்கைக் கடந்துகொண்டிருக்கும் தனியார் பாய்மரப் படகு. கணவனும் மனைவியும், சிலசமயம் குழந்தைகளோடும், வீட்டை விற்றோ வேலையை விட்டோ கிளம்பி வந்த படகுகள் இவை. விடுதியில் தங்கும் சுற்றுலாப் பயணியைப் போல இவர்கள் பணம் கொடுத்துப் படுக்கையும் சாப்பாடும் வாங்குவதில்லை. படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் படகிலேயே இருக்கின்றன. அப்படியானால் ஊருக்கும் இவர்களுக்கும் இடையில் உள்ள உறவுக்கு என்ன பெயர்? வாடிக்கையாளர் என்றால் பொருந்தாது. உறவினர் என்றாலும் பொருந்தாது. ஊர் அவர்களை விருந்தினர் ஆக்கிக்கொள்கிறது. எந்தச் சடங்கின் வழியாக ஆக்கிக்கொள்கிறதோ, அதுவே அந்தக் கடலின் நடைமுறைச் சட்டமாகவும் இருக்கிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பயண நூல்கள் பல இச்சடங்கை ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் பக்கத்தில் வைத்து, கண்டு களிக்க வேண்டிய காட்சியாக எழுதுகின்றன. அது பெரும்பிழை என்பது என் கருத்து.

2. காற்றும் துறைமுகமும்

பசிபிக்கில் பாய்மரப் படகின் வழியைக் காற்றுதான் வகுக்கிறது. பனாமா கால்வாயைத் தாண்டிய படகு காலாபகோஸ் பக்கமாக இறங்கி, அங்கிருந்து 3,000 கடல்மைல் ஓடி மார்க்கேசஸ் தீவுகளைத் தொடும். மூன்று நான்கு வாரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. பிறகு தாகிதி, குக் தீவுகள், டோங்கா, ஃபிஜி. வழி நெடுகத் தென்கிழக்கு வியாபாரக் காற்று முதுகுப்புறமிருந்து தள்ளிக்கொண்டே வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம் என்பதால் பெரும்பாலான படகுகள் அதற்குள் நியூசிலாந்துக்கு விலகிவிடும். ஆக, லாவு கிராமங்களுக்குப் படகு வரும் காலம் மே முதல் அக்டோபர் வரை.

இங்கே ஒரு முடிச்சு. டோங்காவிலிருந்து வரும் படகுக்கு முதலில் எதிர்ப்படுவது லாவு. ஆனால் குடிவரவு, சுங்கம், தாவர நோய்த்தடுப்பு அதிகாரிகள் இருப்பதோ சுவா, சவுசவு, லெவுகா, லவுடோகா போன்ற துறைமுகங்களில். அவற்றில் பதிவு செய்யாமல் வழியில் எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது. எனவே லாவுவைக் கண்ணால் பார்த்தபடியே கடந்து மேற்கே போய், முத்திரை வாங்கி, பிறகு அதே காற்றை எதிர்த்துக் கிழக்கே திரும்பி வர வேண்டும். எதிர்க்காற்றில் பாய்மரப் படகு நேராகப் போகாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏறும். உடம்பும் பாயும் நைந்துபோகும். இந்தத் தொல்லைக்கு அஞ்சியே பலர் லாவுவை விட்டுவிட்டார்கள். அதோடு நெடுங்காலம் லாவு செல்லத் தனி அனுமதி வேண்டியிருந்தது. அது எளிதில் கிடைக்கவும் இல்லை. 2010களின் தொடக்கத்தில்தான் அந்தக் கதவு ஓரளவு திறந்தது. இன்று ஐ-தவுக்கே விவகார அமைச்சகம் தரும் உலாவல் அனுமதி இருந்தால் போதும். ஐ-தவுக்கே என்போர் ஃபிஜியின் ஆதிகுடிகள்.

இந்தக் கெடுபிடிக்கு வரலாற்றில் கனத்த காரணம் உண்டு. 1875இல் சிட்னி போய்த் திரும்பிய மன்னர் தக்கோம்பாவின் பரிவாரத்தோடு, பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் தட்டம்மை வந்து இறங்கியது. ஏறத்தாழ 40,000 பேர் மடிந்தார்கள். அன்றைய மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாது. ஒரு கப்பல் என்ன செய்துவிடும் என்று இந்நாட்டில் யாரும் கேட்பதில்லை. 2020இல் பெருந்தொற்று பரவியபோது ஃபிஜி விமானப் பயணிகளுக்குக் கதவை அடைத்துவிட்டு, தனிப் படகுகளுக்கு மட்டும் 'நீலப் பாதை' என்றொரு திட்டத்தைத் திறந்தது. நெடுநாள் கடலோட்டமே தனிமைக் காலமாகக் கணக்கில் வந்தது.

3. கடலுக்கு உடையவர்

பாய்மரப் படகுக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை ஊறிப் போயிருக்கிறது: நிலத்துக்குத்தான் சொந்தக்காரன், கடல் எல்லாருக்கும் பொது. ஐரோப்பியத் துறைமுகத்தில் அது ஒருவாறு செல்லும். லாவுவில் செல்லாது.

ஃபிஜி நிலத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ஐ-தவுக்கே குலங்களின் பிரிக்கவியலாத பொதுச் சொத்து. 1940இல் ஏற்பட்ட அறக்கட்டளை வாரியம் அதை நிர்வகிக்கிறது. விற்க முடியாது, குத்தகைக்கு மட்டும் விடலாம். கரையோடு இந்த உரிமை நின்றுவிடுவதில்லை. காயலும் பவளப்பாரும் பாருக்கு வெளிவிளிம்பும் 'கோலிகோலி' எனப்படும் மரபு மீன்பிடி எல்லைகளாகப் பகுக்கப்பட்டு, குலத்தின் பெயரில் பதிவாகியுள்ளன. நாடு முழுவதும் இத்தகைய எல்லைகள் 400 அளவில் உண்டு.

சட்டப்படி கடலடித் தரை அரசுக்குரியது; குலத்துக்கு உள்ளது மீன்பிடி உரிமை மட்டுமே. உடைமையையே குலங்களுக்கு மாற்றும் கோலிகோலி மசோதா 2006இல் முன்வைக்கப்பட்டுப் பெரும் பூசலைக் கிளப்பியது. அவ்வாண்டு டிசம்பரில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் எதிர்த்த மசோதாக்களுள் இதுவும் ஒன்று. அது நிறைவேறாமலே போயிற்று. நாலாண்டு கழித்து, 2010இல், அலைச்சறுக்கு நடக்கும் இடங்களை யாவருக்கும் திறந்துவிடும் ஆணையும் வந்தது. ஆக, அரசு ஏட்டில் கடல் மேன்மேலும் பொதுவாகிக்கொண்டே வந்திருக்கிறது.

ஏட்டிலுள்ள சட்டம் இன்னொரு சலுகையும் தருகிறது. வணிக நோக்கமில்லாமல் தூண்டிலாலோ ஈட்டியாலோ மீன் பிடிப்பவரைக் காலனிக் காலத்து மீன்வளச் சட்டம் அனுமதி வாங்கும் கடமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே படகிலிருந்து தூண்டில் போடுகிறவர் சட்டத்தைக் காட்டி வாதிடலாம். ஊர்வழக்கில் அந்த வாதம் எடுபடாது. தலைவரைப் பாராமல் பிடித்த மீன், அடுத்தவர் தோட்டத்தில் கேளாமல் பறித்த காய்தான். மீன் மட்டுமா? நீந்துவது, முக்குளிப்பது, ஆளில்லாத திட்டில் காலாற நடப்பது, எல்லாமே அப்படித்தான். கரையில் குடிசையே கண்ணில் படாத இடத்திலும் அந்தப் பாருக்கும் அந்தத் தென்னைக்கும் பெயர் சொல்லி உரியவர் இருக்கிறார். நங்கூரம் இறங்கும் மணலும் அதற்குள் அடங்கும்.

4. செவுசெவு

4.1 நுழைவு

ஃபுலாங்கா தெற்கு லாவுவில் உள்ள சுண்ணாம்புக்கல் தீவு. நடுவே பெருங்காயல். அதற்குள் கடலரித்த அடிப்பாகம் மெலிந்து, தலை பருத்து, காளான்போல் நிற்கும் சிறு பாறைத் திட்டுகள் எத்தனையோ. உள்ளே போக ஒரே வாய். ஏற்றவற்றத்தில் காயல் நீர் முழுவதும் அந்த இடுக்கு வழியாகவே போய்வர வேண்டியிருப்பதால் ஓட்டம் மூர்க்கமாக இருக்கும். ஓட்டம் அடங்கும் சிறு இடைவெளியைப் பார்த்து நுழைய வேண்டும். அந்த நேரத்தில் வெயிலும் உச்சியில் இருக்க வேண்டும். தாழ்ந்த வெயிலில் நீர்ப்பரப்பு கண்ணாடியாய் மின்னி அடியில் கிடக்கும் பாறையை மறைத்துவிடும். எனவே ஒருவர் சுக்கானில், ஒருவர் முன்னணியத்தில். முன்னால் நிற்பவர் நிறத்தை வாசிப்பார்: கருநீலம் ஆழம், பச்சை மணல், பழுப்பு பவளம். செயற்கைக்கோள் படம் கையில் இருந்தாலும் இந்தக் கண்வேலைக்கு மாற்று இல்லை, ஏனென்றால் இப்பகுதியின் கடல்வரைபடங்கள் பல இடங்களில் மெய்யான கரையோடு ஒட்டுவதில்லை.

4.2 சடங்கு

நங்கூரம் பிடித்ததும் வேறெதுவும் செய்யுமுன், செவுசெவு என்னும் சடங்குக்காக ஊருக்குப் போக வேண்டும். ஆணும் பெண்ணும் முழங்காலை மறைக்கும் சுலு என்னும் இடுப்புத் துணியை உடுத்திக்கொள்வார்கள். பெண்கள் தோளையும் மூடுவார்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் படகிலேயே இருக்கட்டும், ஊருக்குள் தலைமூடி நடக்கும் தகுதி தலைவருக்கு மட்டுமே உரியது. பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊர் எல்லையில் முதலில் பார்க்க வேண்டியவர் 'துராங்கா நி கோரோ'. இவர் ஊர் தேர்ந்தெடுத்த நிர்வாகி. பரம்பரைத் தலைவர் வேறு. இருவரையும் குழப்பிக்கொள்வது வந்தவர்கள் வழக்கமாகச் செய்யும் பிசகு.

கொண்டு போவது யங்கோனா, அதாவது காவா. மிளகுக் குடும்பத்துச் செடியின் காய்ந்த வேர். சுவாவிலோ சவுசவுவிலோ சந்தையில் அரைக்கிலோ கட்டாக, செய்தித்தாளில் சுற்றி, நாடாவால் முடிந்து விற்பார்கள். விற்பவர் ஆதிகுடியாகவும் இருப்பார், இந்திய வம்சாவளியாகவும் இருப்பார். காவா குடிப்பதில் ஃபிஜியில் இன வேற்றுமை இல்லை. பொடியைவிட வேருக்கு மதிப்பு அதிகம். ஃபுலாங்கா போன்ற சுண்ணாம்புத் தீவுகளின் மண்ணில் இச்செடி செழிக்காது. எனவே கட்டாக வந்து சேரும் வேர் பேருக்கு நீட்டும் மொய்யாக நின்றுவிடாமல், ஊர் உண்மையிலேயே வேண்டி எதிர்பார்க்கும் பொருளாகிறது.

தலைவர் வீட்டுப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தபின், வேர்க்கட்டைத் தலைவரின் கையில் திணிக்கக் கூடாது. முன்னே பாயில் வைக்க வேண்டும். வந்தவர் சார்பில் துராங்கா நி கோரோ பேசுவார்: யார், எங்கிருந்து, எதற்காக. தலைவரோ அவர் சார்பாளரோ குழித்த கையால் தாழ்ந்த ஒலியெழத் தட்டி, கட்டைத் தொட்டு எடுத்து, நீண்ட வாழ்த்தொன்று சொல்வார். எடுத்தாயிற்று என்றால் ஏற்றாயிற்று. எடுக்காமல் விட்டால், சுவாவில் வாங்கிய அனுமதிக் காகிதத்தைக் காட்டிப் பயனில்லை.

சில ஊர்களில் அங்கேயே வேரை இடித்து, துணியில் கட்டி, தனோவா என்னும் மரக்கலத்து நீரில் பிசைந்து பிழிவார்கள். சேறு கலங்கிய மழைநீர் நிறம். நாக்கும் உதடும் மரத்துப்போகும். தேங்காய்ச் சிரட்டைக் கிண்ணம் வரும்போது ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, திருப்பிக் கொடுத்து மும்முறை தட்ட வேண்டும். கிண்ணம் யாருக்கு முதலில் போகிறது என்பதைக் கவனித்தால் அந்த ஊரின் அதிகார வரிசை கண்முன் விரிந்துவிடும்.

4.3 சடங்கின் சட்டப் பொருள்

ஏ. எம். ஹோகார்ட் 1909இல் லகெம்பா தீவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். அங்கே திரட்டிய செய்திகளை 1929இல் லாவு தீவுகள் பற்றிய நூலாக்கினார். இவரே 1920களில் இலங்கைத் தொல்லியல் ஆணையராக இருந்தவர். லாவுவின் குலப் பணிப்பிரிவையும் இலங்கை, தென்னிந்தியச் சாதி முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர். அரசு என்பது சடங்கிலிருந்து கிளைத்தது, சடங்கைச் செய்யும் ஏற்பாடே ஆட்சி ஆயிற்று என்பது அவர் துணிபு. அதை எல்லா இடத்துக்கும் பொருத்துவது மிகை. செவுசெவுக்கு மட்டும் அப்படியே பொருந்துகிறது.

ஏனெனில் கட்டை எடுத்த கணத்தில் இரு தரப்பும் கடன்படுகின்றன. படகுக்காரருக்கு நீந்தவும் நடக்கவும் மீன் பிடிக்கவும் வழி திறக்கிறது. கூடவே ஊர் ஒழுக்கத்துக்குக் கட்டுப்படும் கடமையும் ஏறுகிறது. இவை மெதடிஸ்டு ஊர்கள். 1835இல் லகெம்பாவில் இரண்டு மதபோதகர்கள் இறங்கியது முதல் தொடரும் மரபில், ஞாயிற்றுக்கிழமை வேலையும் விளையாட்டும் கிடையாது. படகுக்கும் அதுவே விதி. மறுபுறம் ஊருக்கும் கடமை உண்டு. படகு பாரில் தட்டினால் ஆள் திரட்டி இழுப்பதும், கரையில் கட்டிய ரப்பர்ப் படகு களவு போகாமல் பார்ப்பதும் இனி தலைவரின் மானத்தைச் சார்ந்தவை. காகித அனுமதி இவற்றில் எதையும் தராது.

5. கொடுக்கல் வாங்கல்

லாவுவுக்குப் பரிமாற்றம் புதிதன்று. சுண்ணாம்புத் தீவில் மண் மெலிவு, ஆனால் இரும்பு போன்ற வெசி மரம் உண்டு. எரிமலைத் தீவில் கிழங்கு கொழிக்கும். 1930களில் தெற்கு லாவுவில் ஆய்வு செய்த லாரா தாம்ப்சன் இந்த ஏற்றத்தாழ்வே தீவுகளைப் பிணைத்த கயிறு என்று காட்டினார். கம்பாராவும் ஃபுலாங்காவும் தனோவாவும் படகும் செதுக்கும். மொதே தீவு மரப்பட்டையைத் தட்டி மாசித் துணி செய்யும். கிழங்கு வேறெங்கிருந்தோ வரும். 'துருவா' என்னும் மாபெரும் இரட்டைப் படகுகளை இந்த வெசி மரத்தில்தான் கட்டினார்கள். டோங்காவிலிருந்து தச்சர்கள் வந்து குடியேறியே கட்டினார்கள். பாயேற்றிக் கடல்வழி வரும் அந்நியர் தம்மிடம் இல்லாததைக் கொண்டுவந்து இருப்பதை வாங்கிப் போவது, இந்த ஊருக்கு ஐரோப்பியர் கற்றுக்கொடுத்த பாடம் இல்லை.

இந்தப் பழைய வார்ப்பிலேயே ஊர் புதிய படகையும் ஊற்றிப் பார்க்கிறது. ஃபுலாங்காவின் முதன்மையான ஊரில், வரும் ஒவ்வொரு படகையும் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விடும் வழக்கம் உண்டாகியிருக்கிறது. அந்த வீட்டார் ஞாயிறன்று கோயிலுக்கு அழைத்துப்போய், மண் அடுப்பில் வெந்த கிழங்கும் தேங்காய்ப்பாலில் ஊறிய மீனும் படைப்பார்கள். படகுக்காரர் அவுட்போர்டு எஞ்சினைப் பழுது பார்ப்பார். சூரியத் தகட்டின் அறுந்த கம்பியை இணைப்பார். மாவு, சர்க்கரை, தூண்டில் முள், பெட்ரோல், வாசிப்புக் கண்ணாடி தருவார். கிழவர்களுக்கு அந்தக் கண்ணாடி பெரிது: கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரிந்தால் தனோவாவின் விளிம்பை இழைக்க முடியாது, வேதாகமத்தை வாசிக்கவும் முடியாது.

இதில் நுட்பமான ஒரு சிக்கல் புகுகிறது. 'கெரெகெரெ' என்பது ஃபிஜிய வழக்கு: உறவினர் கேட்டால் மறுக்கலாகாது. மார்ஷல் சாலின்ஸ் 1950களில் மொவாலா தீவில் தங்கி இதைப் பதிவு செய்தார். கேட்பவர் பின்னொரு நாள் கேட்கப்படுவார் என்பதே அதன் காப்பு. படகுக்காரரோ பத்து நாளில் போய்விடுவார். அவரிடம் கேட்டதற்கு அவர் திரும்ப வந்து கேட்கும் நாளே வராது. அதனால் சிலர் கேட்பதைப் பிச்சையாகப் புரிந்துகொண்டு சலித்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் கேளாமலே வாரி இறைக்கிறார்கள். இரண்டில் பின்னதே அதிகம் கெடுக்கிறது. கண்ணில் பட்ட பிள்ளைக்கு மிட்டாயும், பிடித்துப்போன வீட்டுக்கு மட்டும் மின்கலமும் கொடுக்கும் தாராளம், ஊர் வைத்திருக்கும் பங்கீட்டைத் தாண்டிக் குதிக்கிறது. எதை யாருக்குக் கொடுப்பது என்பதைத் துராங்கா நி கோரோவிடம் கேட்டுச் செய்தால் போதும். அவரிடம் பள்ளிக்கு என்ன குறை, மருந்தகத்தில் எது தீர்ந்தது என்ற கணக்கு இருக்கும்.

2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் அடித்தது. தென்னரையுலகில் கரையைத் தாக்கியவற்றுள் பதிவானவரை மிகக் கடுமையானது அது. ஃபிஜியில் 44 பேர் மாண்டார்கள். வடக்கு லாவுவின் வனுவாம்பலாவு நொறுங்கிப்போனது. ஆழமற்ற காயல்களுக்குள் பெரிய கப்பல்கள் நுழைய முடியாதபோது, தார்ப்பாயும் தண்ணீர் வடிகட்டியும் ஏற்றிப் போனவற்றில் இதே பாய்மரப் படகுகளும் இருந்தன. முந்தைய பருவங்களில் உண்டான பழக்கம் அங்கே கைகொடுத்தது. அதே புயல் காவாத் தோட்டங்களையும் அழித்ததால் வேரின் விலை ஏறியது. அதன்பின் செவுசெவுக்கு வருகிறவர்களின் கைச்செலவும் ஏறியது.

6. ஓர் ஒப்பீடு: பாமர்ஸ்டன்

குக் தீவுகளில் உள்ள பாமர்ஸ்டன் பவளத்தீவில், படகில் வரும் அந்நியரை எப்படி ஏற்பது என்ற இதே வினாவுக்கு வேறு விடை கண்டிருக்கிறார்கள். 1863இல் வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் பொலினீசிய மனைவியரோடு குடியேறி, தீவை மூன்று குடும்பக் கிளைகளுக்குப் பங்கிட்டார். சில பத்துப் பேரே வாழும் இத்தீவில் இன்றும் அவர் வழிவந்தவர்களே பெரும்பான்மை. படகு காயலுக்குள் நுழைய வாய் கிடையாது. பாருக்கு வெளியே மிதவையில் கட்ட வேண்டும். எந்தக் குடும்பத்தின் அலுமினியப் படகு முதலில் வந்து சேர்கிறதோ, அந்தக் குடும்பமே புறப்படும்வரை விருந்தோம்பும்.

இங்கே தலைவர் இல்லை, வேர்க்கட்டு இல்லை, பாயில் பேச்சும் இல்லை. ஓட்டப்போட்டி இருக்கிறது. ஆனால் உட்கிடை ஒன்றுதான்: அந்நியர் யாருடைய பொறுப்பும் இல்லாமல் ஊருக்குள் திரியக் கூடாது. அதிகாரப் படிநிலை உள்ள லாவுவில் தலைவர் வழியாகவும், சமமான மூன்று கிளைகள் உள்ள பாமர்ஸ்டனில் முந்தியவர் வழியாகவும் அது நிறைவேறுகிறது.

7. நங்கூரக் கட்டணம்

படகுகள் கூடியதும் லாவுவின் சில ஊர்கள் வேரோடு பணமும் வாங்கத் தொடங்கின. ஃபுலாங்காவிலும் படகொன்றுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பொதுநிதிக்கு வாங்குகிறார்கள். பழைய பயணிகள் சிலர் இதைக் கேட்டு வருந்துகிறார்கள்: காசு புகுந்தது, களங்கமின்மை போயிற்று என்று. இந்த வருத்தம் எனக்கு விளங்கவில்லை. ஊருக்குப் பள்ளிக் கட்டணம் உண்டு, எரிபொருள் செலவு உண்டு, கோயில் வரி உண்டு. சுவாவில் படிக்கும் பிள்ளைக்கு வெசிக் கிண்ணத்தை அனுப்பிச் சோறு போட முடியாது. பல லட்சம் பெறும் படகில் வருகிறவர் இந்த ஊர் மட்டும் பணமறியாமல் இருக்க வேண்டும் என்று விரும்புவது, விருந்தோம்புபவரின் வறுமையையும் காட்சிப் பொருளாக்கும் ஆசை.

கட்டணத்தைவிடக் கவனிக்க வேண்டியது, அதை யார் விதித்தார்கள், யார் கையில் சேர்கிறது என்பது. ஊர்க்கூட்டம் முடிவுசெய்து, தொகையை அறிவித்து, பொதுநிதியில் சேர்த்தால் கோலிகோலி உரிமை புதிய உருவம் எடுத்திருக்கிறது என்றே கொள்ளலாம். 2006 மசோதா ஏட்டில் தர முடியாததை ஊர் தன் கரையில் தானே நடத்திக்கொள்கிறது. தனியொருவர் தோணியில் வந்து தன் பைக்கு வாங்கினால் அது வேறு கதை. அப்படிக் கேட்பவரிடம், துராங்கா நி கோரோவைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எவ்வாறாயினும் பணம் செவுசெவுவின் இடத்தைப் பிடிக்கவில்லை. கட்டணத்தைக் கட்டிவிட்டு வேர் கொண்டுவராத படகு, ஃபுலாங்காவில் இன்னும் தலைவர் வீட்டுப் பாயில் உட்காராத படகுதான். அதன் ஆட்கள் காயலில் இறங்குமுன் யாராவது ஒருவர் ஒரு வேர்க்கட்டாவது கடன் கொடுத்து அவர்களை ஊருக்குள் கூட்டிப்போக வேண்டியிருக்கும்.